காலுக்கு ஊற்றும் தண்ணீர்

எங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்னால் ஓர் இருமல் வரும். விடியற்காலையில் அம்மா குழாயைத் திறந்தால் முதலில் அந்தச் சத்தம், பிறகு கொஞ்சம் காற்று, அதற்குப் பிறகுதான் தண்ணீர். சில நாள் தெளிவாக வரும். சில நாள் பால் கலக்காத ‘தே ஓ’ தேநீரின் நிறத்தில் வரும். போர்வைக்குள் கிடந்தபடியே அந்த இருமலை வைத்து இன்றைக்கு என்ன நிறம் என்று சொல்லிவிடுவேன். பத்துக்கு ஏழு தடவை சரியாக இருக்கும். மற்ற மூன்று தடவையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அம்மா குழாயைச் சரியாகத் திறக்கவில்லை என்று சாதிப்பேன்.

பினாங்கில், தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் சாலையோரத்து வரிசை வீடு அது. அப்பாவுக்குத் துறைமுகத்தில் கிராணி வேலை, கணக்கெழுத்து. வீட்டை வாங்கும்போது சுவர், கூரை, கதவு என்று ஒன்று விடாமல் தட்டிப் பார்த்தாராம். மண்ணுக்குள் கிடக்கிற இரும்புக் குழாயை யார் தட்டிப் பார்ப்பது? தெரு முழுக்க அதே குழாய்தான், அப்பாவைவிட வயதில் மூத்த குழாய்.

அதனால் எங்கள் வீட்டுப் பின்கட்டில் நான்கு நீல டிரம்கள் எப்போதும் நிறைந்து நிற்கும். அம்மா படிகாரக் கட்டியை நூலில் கட்டி ஒவ்வொன்றிலும் மூன்று சுற்றுச் சுற்றி எடுப்பாள். மறுநாள் மேலே தண்ணீர் தெளிந்து, அடியில் செம்மண் மாதிரி ஒரு படலம் கிடக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்த மத்தியானங்களில் டிரம்மின் விளிம்பில் மோவாயை வைத்துக்கொண்டு உள்ளேயே பார்த்துக்கொண்டு நிற்பேன். கூரைத் தகரத்தில் இருந்த ஓர் ஓட்டை வழியாக வெயில் காசளவு வட்டமாக இறங்கி, தண்ணீரைத் துளைத்துக்கொண்டு போய் அடியில் உட்கார்ந்திருக்கும். நான் மூச்சு விட்டால் அது ஆடும். ஆடாமல் இருக்க வேண்டுமென்று மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பேன். எவ்வளவு நேரம் நிற்பேன் என்று எனக்கே தெரியாது.

“டிரம்முக்குள்ள என்னடி இருக்கு, படமா ஓடுது?” என்று சமையற்கட்டிலிருந்து அம்மா குரல் வரும். அப்போதுதான் மூச்சு விடுவேன். வட்டம் கலைந்துவிடும்.

எனக்குப் பத்தொன்பது வயதில் டைபாய்டு காய்ச்சல் வந்தது. மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அந்த மூன்று வாரத்தில் எனக்கு நினைவிருப்பவை இரண்டே இரண்டுதான். தலைக்கு மேல் சோம்பலாகச் சுற்றிய காற்றாடி ஒன்று. என் கழுத்தில் வந்து வந்து தொட்டுப் பார்த்த அம்மாவின் குளிர்ந்த புறங்கை மற்றொன்று. ஒரு நாள் டாக்டர் என்னைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாராம். அன்றைக்கு அம்மா முருகனிடம் வேண்டிக்கொண்டாள். பிள்ளை எழுந்து நடந்துவிட்டால், ஏழு தைப்பூசத்துக்கு, காவடி எடுத்து வருகிறவர்களின் காலுக்கு என் கையால் நல்ல தண்ணீர் ஊற்றுகிறேன் என்று.

பினாங்குக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காவடிகள் எல்லாம் எங்கள் வாசல் வழியாகத்தான் தண்ணீர்மலைக்குப் போகும். தை மாதத்து வெயிலில் தார் ரோடு கொதிக்கும். வருகிறவர்கள் எல்லாரும் வெறுங்கால். வாசலுக்கு வாசல் ஆள் நின்று, ரோட்டை நனைத்து, மஞ்சள் தண்ணீரால் அவர்கள் காலைக் கழுவிவிடுவார்கள். அம்மா மட்டும் மஞ்சள் கலக்க மாட்டாள். நல்ல தண்ணீர் என்று வாய்விட்டுச் சொல்லி வேண்டிக்கொண்டாளாம், அதனால் தண்ணீர் தண்ணீராகவே இருக்க வேண்டும்.

ஆறு வருஷம் ஒரு குறையும் இல்லாமல் போயிற்று. அந்த ஆறு வருஷமும் டிரம்மில் தெளியவைத்த தண்ணீர் போதுமானதாக இருந்தது. ஏழாவது வருஷம் காவடிகள் அதிகம். மத்தியானத்துக்கு முன்னாலேயே நான்கு டிரம்மும் காலி. குழாயைத் திறந்தால் இருமல், அப்புறம் பழுப்பு. தெரு முழுக்க ஒரே சமயத்தில் குழாயைத் திறந்ததில் அடியில் கிடந்த துருவெல்லாம் கிளம்பி வந்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா கூசாமல் அதில் ஒரு பிடி மஞ்சள்தூளைப் போட்டுக் கலக்கி ஊற்றிக்கொண்டே இருந்தார்.

“நீங்களும் போடுங்கக்கா, யாருக்குத் தெரியப்போவுது” என்றார்.

“மனுசனுக்குத் தெரியாது. மேல இருக்கிறவனுக்குமா தெரியாது?” என்று அம்மா சொன்னாள். ஆனாலும் வந்து நிற்கிற காலை விரட்ட முடியுமா? அந்தப் பழுப்புத் தண்ணீரையே ஊற்றினாள். ஊற்றி முடித்து உள்ளே வந்தவள், சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “இந்த வருசம் சேராது” என்றாள். ஏழாவது வருஷம் கணக்கில் ஏறவே இல்லாத மாதிரி ஆகிவிட்டது அவளுக்கு.

அன்றிலிருந்து ஆரம்பித்தது தொல்லை. தினமும் காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது வாசற்படியில் நிறுத்தி, புறங்கையால் என் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பாள். சுடுகிறதா என்று. ஒரு தும்மல் போட்டால் போதும், முகம் வெளுத்துவிடும். முடிக்காத வேண்டுதலுக்காக, கொடுத்த பிள்ளையை முருகன் திருப்பி எடுத்துக்கொண்டுவிடுவானோ என்கிற பயம். அவள் அதை வாயால் சொல்லவில்லை. சொல்லாமலே எனக்குத் தெரிந்தது, எரிச்சலாகவும் இருந்தது. எனக்கு அப்போது இருபத்தாறு வயது.

“நான் என்ன கோழிக்குஞ்சா, தெனமும் தொட்டுத் தொட்டுப் பாக்க?” என்று கத்துவேன்.

“சும்மா நில்லுடி” என்பாள். கை கழுத்தை விட்டுப் போகாது.

அவ்வளவு கத்தினேனே, அவள் பயம் எனக்கும் ஒட்டிக்கொண்டிருந்ததை இப்போதாவது சொல்லிவிட வேண்டும். பஸ்ஸில் உட்கார்ந்ததும் யாரும் பார்க்காதபோது நானே ஒருமுறை என் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

வேலை பாயான் லெப்பாஸில், ஒரு மின்னணுத் தொழிற்சாலையில். தலையிலிருந்து கால்வரை வெள்ளை அங்கி, கண் மட்டும்தான் வெளியே தெரியும். கண்ணாடி மாதிரி மின்னும் மெல்லிய வட்டத் தகடுகளைத் தட்டில் அடுக்கித் தண்ணீரில் முக்கி முக்கி எடுப்பதுதான் என் வேலை. அந்தத் தண்ணீர் இருக்கிறதே, அது வேறு தண்ணீர். உப்பு, இரும்பு, மண், வாசனை ஒன்றுமே இல்லாமல் உறிஞ்சி எடுத்துவிட்ட தண்ணீர். தொட்டிக்குள் பார்த்தால் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்றே சந்தேகமாக இருக்கும். மேல்விளக்கு மஞ்சளாக எரியும், இயந்திரங்கள் முனகிக்கொண்டே இருக்கும், பேசக் கூடாது. எட்டு மணி நேரம் அந்த இல்லாத தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். சில சமயம் நான் வேலை செய்கிறேனா தூங்குகிறேனா என்றே தெரியாது. ஒருநாள் யாரும் பார்க்காதபோது முகமூடியைக் கொஞ்சம் இறக்கி, ஒரு விரல் நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். நாக்கு எதையோ தேடிவிட்டு ஒன்றும் கிடைக்காமல் திரும்பியது.

அந்தத் தண்ணீரைத் தயாரிக்கும் அறையில் ஒரு மலாய்க்காரர் இருந்தார். எல்லோருக்கும் அவர் அபாங்தான், அண்ணன். எங்கள் வீட்டுத் தண்ணீரை ஒரு போத்தலில் பிடித்து அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். துருவுக்கு மலாயில் காராட் என்பார்கள், தங்கைக்கு அடேக். “காராட்லா, அடேக். விஷம் ஒன்றுமில்லை. வெள்ளைச் சட்டைக்குத்தான் ஆபத்து” என்று மலாயில் சொன்னார். பிறகு இரண்டு வேலை கொடுத்தார். துரு தெருக் குழாயிலிருந்து வருகிறதா, வீட்டுக் குழாயிலிருந்து வருகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அடுத்தது, குழாயில் தண்ணீர் எவ்வளவு வேகமாக வருகிறது என்று ஒரு பால்டியை, அதாவது வாளியை, வைத்துப் பார்க்க வேண்டும். வேகம் இல்லாத வீட்டில் எவ்வளவு பெரிய வடிகட்டி வைத்தாலும் பிரயோசனம் இல்லை என்றார். எல்லாம் தெரிந்தவள் மாதிரித் தலையை ஆட்டினேன்.

அந்த வாரமே வீட்டுக்கு ஒரு விற்பனையாளர் வந்தார். நம் தமிழ்ப் பையன்தான், கழுத்தில் டை, கையில் பெட்டி. அடுப்படிக் குழாயில் மாட்டுகிற சின்ன வடிகட்டி விற்க வந்தவர். இரண்டு கிளாஸ்களை மேசையில் வைத்தார். ஒன்றில் எங்கள் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவர் கொண்டு வந்த சுத்தத் தண்ணீர். எங்கள் கிளாஸில் இரண்டு கம்பியை விட்டு மின்சாரம் கொடுத்தார். அன்றைக்குத் தெளிவாக வந்திருந்த தண்ணீர்தான், கண் முன்னாலேயே கலங்கிப் பழுப்பாகி, மேலே நுரை வேறு கட்டியது. அதே கம்பியை அவர் தண்ணீரில் விட்டார். அது அசையவில்லை.

“ஐயையோ, இதையா இத்தன வருசமா குடிச்சோம்!” என்று அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் நாள் முழுக்க நிற்கிறவளிடமா இந்த வித்தை? உள்ளே போய் ஒரு சிட்டிகை உப்பை எடுத்து வந்து அவருடைய சுத்தத் தண்ணீரில் போட்டேன்.

“இப்ப விடுங்க தம்பி உங்க கம்பிய.”

விட்டார். அதுவும் பழுப்பாகி நுரை கட்டியது.

“பாத்தீங்களா? அழுக்கு தண்ணியில இல்ல, உங்க கம்பியிலதான் இருக்கு. ஒண்ணுமே இல்லாத தண்ணியில கரண்ட் ஓடாது, அவ்ளோதான்.”

அந்தப் பையனுக்கு வேர்த்து ஊற்றியது. அப்பா பேப்பருக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கினார். அம்மாதான் பாவம் பார்த்து அவருக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தாள். கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

“தம்பி, இது சமையக்கட்டுக்கு மட்டும்தானா? வாசக் குழாய்க்கு மாட்ட முடியாதா?”

“வாசக் குழாயில யாரும் குடிக்க மாட்டாங்களேக்கா?”

“குடிக்க இல்லப்பா. காலுக்கு.”

“காலுக்கா?”

பையன் என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். அம்மா தைப்பூசத்தைப் பற்றிச் சொன்னாள். கேட்டதும் அவருடைய விற்பனைப் பேச்சு நின்றுவிட்டது. அவருடைய அண்ணனும் காவடி எடுப்பவராம். “அப்படின்னா இது சரிப்படாதுக்கா. வீடு முழுசுக்கும் சேத்து தண்ணி மீட்டர்கிட்டயே ஒரு பெரிய டாங்கி வப்பாங்க. அதான் வேணும். எங்ககிட்ட இல்ல, ஹார்ட்வேர் கடையில கேளுங்க” என்று உண்மையைச் சொல்லிவிட்டுப் பெட்டியை மூடினார். நான் அவரை அப்படிக் கிழித்திருக்க வேண்டாம் என்று அப்போது தோன்றியது.

“ஊர்ல எல்லாரும் குடிக்கிறதுக்குத் தண்ணி வடிகட்டுவான். நம்ம வீட்லதான் கால் கழுவ வடிகட்டுறோம்” என்று அப்பா ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஆனால் வேண்டாம் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அபாங் சொன்ன இரண்டு சோதனைகளையும் செய்தேன். மீட்டரை ஒட்டியிருந்த திருகைக் கழற்றிப் பிடித்த தண்ணீரிலேயே துரு இருந்தது. அப்படியானால் தெருக் குழாய்தான், சந்தேகமில்லை. பிறகு வாசற்குழாயின் கீழே பால்டியை வைத்துவிட்டு, கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு குந்தினேன். அந்த மத்தியானம் இன்னும் என் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. தெருவில் ஓர் ஆள் இல்லை. எதிர் வீட்டுக் கொடியில் சட்டைகள் அசையாமல் தொங்கின. எங்கோ ஒரு வானொலி பாடி ஓய்ந்தது. சோறு தின்ற மயக்கத்தில் ஊரே கண்ணை மூடிக்கொண்டிருக்க, தண்ணீர் மட்டும் கணீரென்று பால்டியில் விழுந்து, சத்தம் மெதுவாகக் கனத்து, நுரைத்து, விளிம்பைத் தொட்டு வழிந்தது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கடிகாரத்தை மாட்டிக்கொள்ள மறந்து, வழிகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

ஜெலுத்தோங்கில், பட்டறைகளுக்கு நடுவே ஒரு சீனர் கடை. அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் போனோம். கடை முதலாளி, தவுக்கே, இரண்டு வகையைக் காட்டினார். ஒன்று, தடித்த நூலைச் சுற்றிய கட்டை ஒன்று போத்தலுக்குள் இருக்கும். அழுக்கேறினால் எடுத்துத் தூரப் போட்டுவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும். மற்றது என் தோள் உயரத்துக்கு ஓர் எஃகு டாங்கி, உள்ளே மணலும் கரியும். தலையில் ஒரு கைப்பிடி. வாரத்துக்கு ஒருமுறை அதைத் திருப்பி வைத்தால் தண்ணீர் தலைகீழாக ஓடி, பிடித்து வைத்த அழுக்கையெல்லாம் சாக்கடைக்குத் தள்ளிவிடும். அம்மா டாங்கியை விரலால் தட்டி, காதை வைத்துக் கேட்டாள், பலாப்பழம் வாங்குகிற மாதிரி.

“இது தன்னத்தானே குளிச்சுக்குது. இதுவே இருக்கட்டும்” என்றாள்.

தவுக்கே என்னிடம் கேட்டார், “உங்க வீட்ல தண்ணி கெஞ்சாங்கா?” வேகமாக வருகிறதா என்று அர்த்தம்.

“கெஞ்சாங்! பால்டி ஒரு நிமிசத்துல ரொம்புது” என்றேன் பெருமையாக.

பொருத்த வந்தவர் டாங்கிக்குப் பக்கத்தில் ஒரு குறுக்குக் குழாயும் சிவப்புக் கைப்பிடியும் வைத்தார். அதைத் திறந்தால் தண்ணீர் டாங்கிக்குள் போகாமல் பழைய வழியிலேயே வரும். “அது எதுக்கு? அழுக்குத் தண்ணிக்கு ஒரு கதவா?” என்று சண்டைக்குப் போனேன். “எல்லாருக்கும் வைக்கிறதுலா” என்று அவர் பாட்டுக்கு முடுக்கிவிட்டுப் போனார்.

மறுநாள் விடியற்காலையில் விழிப்பு வந்தது. ஏன் விழித்தேன் என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது, இருமலைக் காணோம். தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் மெல்லக் கேட்டுக்கொண்டிருந்தது. எழுந்து போய்ப் பார்த்தால் அம்மா வெள்ளிக் கிண்ணத்தில் தண்ணீரைப் பிடித்து விளக்குக்கு முன்னால் வைத்துக்கொண்டு நிற்கிறாள். கிண்ணத்தின் அடியில் இருந்த பூ வேலைப்பாடு இதழ் இதழாகத் தெரிந்தது. டாங்கிக்கு ஏற்கனவே சந்தனமும் குங்குமமும் வைத்தாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை தோறும் அப்பா அதற்கு முழுக்காட்டுவார். கைப்பிடியைத் திருப்பிவிட்டு, “வாங்க, வாங்க, போறதப் பாருங்க!” என்று எங்களைக் கூப்பிடுவார். சாக்கடையில் பழுப்பாகக் கொட்டுவதை மூன்று பேரும் நின்று வேடிக்கை பார்ப்போம். அம்மாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. ஆனால் காலையில் கழுத்தைத் தொடுவது மட்டும் நிற்கவில்லை. “தைப்பூசம் முடியட்டும்” என்பாள்.

தைப்பூசத்துக்கு இரண்டு நாள் முன்பு எதிர்ப்பக்கத்துத் தண்ணீர்ப் பந்தல்காரர்கள் டிரம் கேட்டு வந்தார்கள். அம்மா தயங்கினாள். “ரெண்ட வச்சுக்கிட்டு ரெண்டு குடுப்போம்டி.”

“ஃபில்டர் இருக்கும்போது டிரம் எதுக்கும்மா, கொசு வளக்கவா? நாலையும் எடுத்துட்டுப் போங்கண்ணே!” என்றேன். நானே உருட்டியும் விட்டேன்.

தைப்பூசத்தன்று காலை எல்லாம் கனவு மாதிரிதான் தொடங்கியது. ரோடு நனைந்து, வானம் அதற்குள் கிடந்தது. உறுமிச் சத்தம் தூரத்தில் கேட்டு, நெருங்கி, நெஞ்சுக்குள் புகுந்து, மறுபடியும் தூரம் போகும். சாம்பிராணி, எலுமிச்சை, வேர்வை, பன்னீர் எல்லாம் கலந்த ஒரு காற்று. மயில்தோகைக் காவடிகள் ஆடி ஆடி வந்தன. அம்மா மஞ்சள் சேலையில் வெறுங்காலோடு வாசலில் நின்று, பித்தளைச் சொம்பால் ஊற்றிக்கொண்டே இருந்தாள். கண்ணாடித் தண்ணீர். பாதத்தில் விழுந்து நாலா பக்கமும் தெறித்தபோது ஒவ்வொரு துளியிலும் வெயில் இருந்தது. குடத்தை நிரப்பி நிரப்பிக் கொடுப்பது என் வேலை. அவள் உதடு ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. எனக்காகத்தான்.

வெயில் உச்சிக்கு ஏற ஏற, குழாயில் வருகிற தண்ணீர் சிறுத்தது. முதலில் நான் கவனிக்கவில்லை. சுண்டுவிரல் அளவாயிற்று. பிறகு நூல் மாதிரி ஆயிற்று. ஓடிப்போய் டாங்கியின் கைப்பிடியைத் திருப்பினேன், முழுக்காட்டினால் சரியாகிவிடும் என்று. முழுக்காட்டவும் தண்ணீர் வேண்டுமே! ஒன்றும் வரவில்லை. தலையைத் தூக்கித் தெருவைப் பார்த்தேன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வாசலுக்கு வாசல் குழாய் திறந்து கிடந்தது. ஒவ்வொரு வீட்டிலும் ரப்பர் குழாய், ஒவ்வொரு பந்தலிலும் பால்டி. மிஞ்சி வருகிற வேகம் டாங்கியின் மணலையும் கரியையும் தாண்டப் போதவில்லை. அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. ஊரே தூங்குகிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் அல்லவா நான் பால்டி வைத்துப் பார்த்தேன்! எந்த நாளுக்காக இந்த டாங்கியை வாங்கினோமோ, அந்த ஒரு நாளைப் பற்றி யோசிக்கவே இல்லை.

எதிர்ப்பக்கம் ஓடினேன். “அண்ணே, ஒரு டிரம் தாங்கண்ணே!” அந்த அண்ணன் பரிதாபமாக மூடியைத் திறந்து காட்டினார். நான்கு டிரம்மிலும் ரோஸ் சிரப், செக்கச் செவேலென்று. திரும்பி ஓடி வந்தபோது அப்பா சிவப்புக் கைப்பிடியில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

“தெறக்கவா?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அப்பா ரோட்டைக் காட்டினார். மற்ற வாசல்களெல்லாம் நனைந்திருக்க, எங்கள் வாசலுக்கு முன்னால் மட்டும் தார் காய்ந்து வெளுத்திருந்தது. அந்த இடம் வந்ததும் நடந்து வந்தவர்கள் குதித்துக் குதித்து ஓடினார்கள். அப்பா திறந்துவிட்டார். குழாய் இருமியது. மறந்தே போயிருந்த அந்தச் சத்தம்தான். தண்ணீர் தடையில்லாமல் கொட்டிக்கொண்டு வந்தது, போன வருஷத்தைவிடப் பழுப்பாக.

குடத்தைத் தூக்கிக்கொண்டுபோய் அம்மா முன்னால் வைத்தேன். “அம்மா, என்னாலதாம்மா. டிரம்ம நான்தான் குடுத்தேன்” என்றேன். அவள் குடத்துக்குள் பார்த்தாள். என்னைத் திட்டவில்லை. அவள் கை மட்டும் தன்னையறியாமல் என் கழுத்துக்கு வந்து ஒட்டிக்கொண்டது. அந்தப் பயத்தை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன்.

அந்த நேரம் பார்த்து ஒரு காவடி வந்து எங்கள் வாசலில் நின்றது. நடுத்தர வயதுக்காரர், நாக்கில் குறுக்கே வேல் குத்தியிருந்தது. தோளில் பாரம், உடம்பெல்லாம் விபூதி கரைந்து ஓடியது. காய்ந்த தாரில் நிற்க முடியாமல் ஒரு காலை மாற்றி ஒரு காலை வைத்துக்கொண்டிருந்தார். அம்மா சொம்பில் மொண்டுவிட்டாள், ஆனால் ஊற்றவில்லை. சொம்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

“ஊத்துங்கம்மா, ஊத்துங்க! காலு சுடுதும்மா!” என்று கூட வந்தவர்கள் கத்தினார்கள்.

“தண்ணி நல்லால்லப்பா… கலங்கலா இருக்கு” என்றாள் அம்மா. அவரைப் பார்த்துத்தான் சொன்னாள், அவர் மன்னிக்க வேண்டும் என்கிற மாதிரி.

அவரால் பேச முடியாது. குனிந்து சொம்புக்குள் பார்த்தார். உள்ளே என்ன நிறம் என்று நன்றாகவே தெரிந்திருக்கும். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, வலது காலை ஓர் அடி முன்னால் நீட்டி வைத்துக்கொண்டு நின்றார். பாதத்தின் ஓரத்தில் தார் ஒட்டி, ஒரு கொப்புளம் உடைந்திருந்தது. உறுமி அடித்துக்கொண்டே இருந்தது. கூட்டம் வேல் வேல் என்றது. அவர் அவசரப்படவில்லை.

அம்மா ஊற்றினாள். பழுப்புத் தண்ணீர் பாதத்தில் விழுந்ததும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். உடம்பு முழுக்க ஒருமுறை தளர்ந்ததை நான் பார்த்தேன். கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு இடது காலை நீட்டினார். அதற்கும் ஊற்றினாள். அவர் ஆடிக்கொண்டே நகர்ந்து போனார். அவருக்குப் பின்னால் வந்தவர் நீட்டினார், அதற்குப் பின்னால் இன்னொருவர். தண்ணீரின் நிறத்தை ஒருவரும் கேட்கவில்லை. அம்மா அழுதுகொண்டே ஊற்றினாள், ஊற்றிக்கொண்டே அழுதாள். கடைசிக் காவடி போகும்வரை நான் குடம் சுமந்தேன், கை ஓய்ந்துபோகும்வரை.

சாயங்காலம் அம்மா வாசற்படியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். சேலைக் கரை முழுக்கத் துருக் கறை. தெரு காய்ந்துகொண்டிருந்தது. விரலை ஒவ்வொன்றாக மடக்கி எண்ணிக்கொண்டிருந்தவள், ஒரு கை முடிந்து மறுகைக்கு மாறி, கடைசியில் நிறுத்தினாள்.

“எட்டு” என்றாள்.

“ஏழுதானேம்மா?”

“போன வருசமும் சேத்துத்தான்டி. அப்பவும் கால நீட்டத்தானே செஞ்சாங்க? நான்தான் சேக்காம விட்டுட்டேன்.”

உள்ளேயிருந்து அப்பா, “அப்ப டாங்கிய கடையில திருப்பிக் குடுத்துடலாமா?” என்று கேட்டார். “வாயப் பாரு!” என்று அம்மா சிரித்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்டேன்.

மறுநாள் காலையில் வேலைக்குக் கிளம்பி வாசற்படியில் வந்து நின்றேன். கூந்தலை முன்னால் தள்ளிப் போட்டுக்கொண்டு, கழுத்தைக் காட்டிக்கொண்டு, வழக்கம்போல. அம்மா சமையற்கட்டில் ஏதோ பாடிக்கொண்டு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். இருமல் இல்லாத தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் வரவில்லை. நான் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

“என்னடி இன்னும் நிக்கிற? பஸ் போயிடும்லா!” என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.